முதல் சுரம் எடுத்துக் கொடுக்க ஒருவர்

மறதி நோய்க்கும் நரம்பு சார்ந்த பிற நோய்களுக்கும் இசை மருந்தாகும் என்ற செய்தியை இப்போது அடிக்கடி காண்கிறோம். பேச்சற்றுப் போன முதியவர் ஒருவர் தம் இளமைக் காலப் பாடலைக் கேட்டதும் கூடவே பாடுகிறார். நடக்கத் தடுமாறியவர் தாளத்துக்கு ஏற்ப அடியெடுத்து வைக்கிறார். இத்தகைய காணொலிகள் கைப்பேசிகளில் வலம்வருகின்றன. பார்ப்பவர்கள் நெகிழ்கிறார்கள்; பிறகு அடுத்த காணொலிக்குச் சென்றுவிடுகிறார்கள். நோயுற்ற மூளையில் இசை எதைச் செய்கிறது, எதைச் செய்வதில்லை என்ற கேள்வி மட்டும் கேட்கப்படாமலே நிற்கிறது.

அந்தக் கேள்வி எழும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருபவர் பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரீஸ் ரவேல். இசையையே தொழிலாகவும் வாழ்வாகவும் கொண்ட ஒருவருக்கு மூளை நோய் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு அவரைவிடத் தெளிவான சான்று வரலாற்றில் அரிது. நான் மருத்துவனும் அல்லன், இசைக் கலைஞனும் அல்லன். கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்தவன். எது போயிற்று, எது எஞ்சியிருக்கிறது, எஞ்சியதை வைத்து என்ன செய்யலாம் என்று கணக்குப் பார்ப்பது என் துறையின் பழக்கம். ரவேலின் வாழ்க்கையை அந்தப் பழக்கத்தோடுதான் படித்தேன்.

1875 மார்ச் 7 அன்று பிரான்ஸின் தென்மேற்கு மூலையில், ஸ்பெயின் எல்லைக்கு அருகில் உள்ள சிபூர் என்ற கடலோரச் சிற்றூரில் ரவேல் பிறந்தார். தந்தை ஜோசஃப் சுவிஸ் மரபில் வந்த பொறியாளர், இயந்திரங்களில் புதுமை செய்து பார்ப்பவர், இசை ஆர்வலர். தாய் மரீ பாஸ்க் இனத்தைச் சேர்ந்தவர். குழந்தை பிறந்து சில மாதங்களில் குடும்பம் பாரிஸுக்குக் குடிபெயர்ந்தது. தந்தையிடமிருந்து இயந்திரத்தின் நுணுக்கத்தையும், தாயிடமிருந்து ஸ்பானிய நாட்டார் இசையின் மணத்தையும் ரவேல் பெற்றார் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் கூறுவர். அவருடைய இசையில் இரண்டும் பிரிக்க முடியாதபடி கலந்திருக்கின்றன.

1889இல் பாரிஸ் இசைக் கல்லூரியில் சேர்ந்தார். பின்னாளில் அங்கே அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் காப்ரியேல் ஃபோரே. பிரான்ஸின் இளம் இசையமைப்பாளர்களுக்கு அன்று மிகப் பெரிய மதிப்பாகக் கருதப்பட்ட ‘ரோம் பரிசு’க்கு ரவேல் ஐந்து முறை முயன்றும் முதற்பரிசு கிட்டவில்லை. 1905இல், வயது வரம்பின்படி கடைசி வாய்ப்பில், முதற்சுற்றிலேயே வெளியேற்றப்பட்டார். அதற்குள் அவருடைய நால்வாத்திய இசையும் பியானோ இசையும் பாரிஸில் நன்கு அறியப்பட்டிருந்தன. இறுதிச் சுற்றுக்குத் தேர்வானோர் அனைவரும் ஒரே பேராசிரியரின் மாணவர்கள் என்பது தெரிந்ததும் பத்திரிகைகள் கொதித்தெழுந்தன. அந்தப் பரபரப்பின் முடிவில் கல்லூரியின் இயக்குநர் பொறுப்பு ஃபோரேயிடம் வந்து சேர்ந்தது. ரவேல் தம் வேலையைப் பார்த்துக்கொண்டு போனார்.

முதல் உலகப் போர் மூண்டபோது அவருக்கு வயது 39. உயரம் குறைவு, எடையும் குறைவு. படையில் சேர்த்துக்கொள்ள மறுத்தார்கள். விடாமல் முயன்று, 1916இல் வெர்தான் போர்முனையில் இராணுவச் சரக்குந்தின் ஓட்டுநரானார். மறு ஆண்டின் தொடக்கத்தில் தாய் இறந்தார். திருமணம் செய்துகொள்ளாத ரவேலுக்கு அந்த இழப்பு ஆறாத காயமாயிற்று. போரில் மாண்ட நண்பர்களின் நினைவாக, ஒவ்வொரு பகுதியையும் அவர்களுக்கு உரித்தாக்கி, ‘குப்பரேனின் நினைவிடம்’ என்று பொருள்படும் பியானோ இசைத் தொகுப்பை அக்காலத்தில் முடித்தார். இந்தப் படைப்பை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நோயின் காலத்தில் இது மீண்டும் வரும்.

1921இல் பாரிஸுக்கு மேற்கே, மோன்ஃபோர் லாமோரி என்ற சிற்றூரில் ஒரு சிறு வீட்டை வாங்கினார். விசை கொடுத்தால் பாடும் பறவை உள்ளிட்ட இயந்திரப் பொம்மைகளும் சின்னஞ்சிறு கலைப்பொருள்களும் நிறைந்த வீடு அது. எல்லாம் ஒழுங்காக, அதனதன் இடத்தில் இருக்க வேண்டும் அவருக்கு. எழுதும் இசையிலும் அப்படியே. எந்த வாத்தியம் எந்த இடத்தில் எவ்வளவு ஒலிக்க வேண்டும் என்று கடிகாரம் செய்பவரைப் போல அளந்து அமைப்பார். ஆகவே அவர் அதிகம் எழுதவில்லை. எழுதியவற்றில் கழிக்கத்தக்கது குறைவு.

1928இல் நான்கு மாதங்கள் வட அமெரிக்காவில் பயணம் செய்து இசை நிகழ்ச்சிகள் நடத்தித் திரும்பினார். அதே ஆண்டு நவம்பரில், நடனக் கலைஞர் ஐடா ரூபின்ஸ்டீனுக்காக அவர் எழுதிய ‘பொலேரோ’ பாரிஸில் அரங்கேறியது. சிறு முரசு ஒன்று ஒரே தாளத்தைத் தொடக்கம் முதல் இறுதிவரை மாறாமல் அடிக்க, இரண்டு மெட்டுகள் மாறி மாறி வந்து, வாத்தியங்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து, ஒலி மெல்லப் பெருகிப் பெரு முழக்கமாக முடியும் கால் மணி நேர இசை அது. உலகம் முழுவதும் ரவேலின் பெயரை அறியச் செய்தது அதுவே.

அந்த இசையில் திரும்பத் திரும்ப ஒரே மெட்டு வருவது, பின்னாளில் அவரைப் பற்றிய நோயின் முதல் அறிகுறியாக இருக்கலாம் என்று நரம்பியல் அறிஞர்கள் சிலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மெட்டை மாற்றாமல் வாத்திய நிறத்தை மட்டும் மாற்றிக்கொண்டே போவது ரவேல் தெரிந்தே மேற்கொண்ட சோதனை. மேலும், ‘பொலேரோ’வுக்குப் பிறகு அவர் எழுதிய இரண்டு பியானோ கச்சேரி இசைகளில் அப்படிப்பட்ட மீள்வு எதுவும் இல்லை. ஒருவருக்கு நோய் வந்துவிட்டது என்பதற்காக, அவர் வாழ்நாளில் செய்த அனைத்தையும் நோயின் கண்ணாடி வழியே பார்ப்பது நியாயமாகாது. மறதி நோயாளிகளின் வீடுகளிலும் இந்தத் தவறு நடக்கிறது. நோய் என்று பெயர் வைத்த நாளிலிருந்து அந்த மனிதரின் விருப்பு வெறுப்புகள்கூட நோயின் கணக்கில் எழுதப்பட்டுவிடுகின்றன.

அந்த இரண்டு கச்சேரி இசைகளில் ஒன்றைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வியன்னாவைச் சேர்ந்த பியானோ கலைஞர் பால் விட்கென்ஸ்டைன், தத்துவ அறிஞர் லுட்விக் விட்கென்ஸ்டைனின் அண்ணன். முதல் உலகப் போரில் வலக்கையை இழந்தவர். இடக்கையால் மட்டும் வாசிக்கத்தக்க இசையை எழுதித் தருமாறு அக்காலத்தின் முன்னணி இசையமைப்பாளர்களை அவர் நாடினார். ரவேல் அவருக்காக எழுதிய ‘இடக்கைக்கான கச்சேரி இசை’ 1932 ஜனவரியில் வியன்னாவில் அரங்கேறியது. கண்ணை மூடிக்கொண்டு கேட்பவருக்கு இரண்டு கைகள் வாசிப்பதுபோலவே தோன்றும். இழந்த கைக்கு இரங்கி எழுதப்பட்ட இசை அல்ல அது. இருக்கும் கையால் எவையெல்லாம் முடியும் என்று ஆராய்ந்து எழுதப்பட்டது. ஒரு மனிதரிடம் எஞ்சியிருப்பதைக் கண்டறிந்து அதன்மேல் கட்டியெழுப்புவது எப்படி என்பதை ரவேல் இவ்வாறு பிறருக்குச் செய்துகாட்டினார். அடுத்த ஆண்டே அவர் தாமே அந்த நிலைக்கு வந்து சேர்ந்தார்.

1932 அக்டோபரில் பாரிஸில் அவர் பயணம் செய்த வாடகைக் கார் விபத்துக்குள்ளானது. முகத்தில் காயம், பற்கள் உடைந்தன. பெரிய ஆபத்து இல்லை என்றே அப்போது கருதினார்கள். தூக்கமின்மை, களைப்பு, எழுத்தில் தடுமாற்றம் ஆகியவை விபத்துக்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே தலைகாட்டியிருந்தன. விபத்து நோயை உண்டாக்கியதா, முன்பே இருந்ததை விரைவுபடுத்தியதா என்பது இன்றும் விவாதத்துக்குரியது.

1933 கோடையில், பிறந்த ஊரை அடுத்துள்ள கடற்கரையில், நன்றாக நீந்தத் தெரிந்த ரவேலுக்குத் திடீரென நீந்த இயலாமல் போயிற்று. நீரின் மேல் தத்திச் செல்லும்படி கூழாங்கல்லை வீசுவது அவருக்குக் கைவந்த விளையாட்டு. தோழி ஒருவருக்கு அதைச் செய்துகாட்ட முனைந்தபோது கல் அவர் முகத்திலேயே பட்டது. கைகால்களில் வலு இருந்தது, வாதம் இல்லை. ஒரு செயலைச் செய்யும் முறை மட்டும் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. அந்த நவம்பரில் பாரிஸில் அவர் கடைசி முறையாக இசைக்குழுவை நடத்தினார். ‘டான் கிஹோத்தே’ கதையை ஒட்டிய மூன்று பாடல்களே அவருடைய கடைசிப் படைப்பாயின.

பிறகு எழுத்து போயிற்று. நண்பர் வீட்டுத் துயரம் ஒன்றுக்கு ஆறுதல் சொல்லி ஒரு சிறு கடிதம் எழுத அவருக்கு ஒரு வாரம் பிடித்தது. எழுத்துகளின் வடிவம் மறந்துபோனதால் அகராதியைத் திறந்து பார்த்துப் பார்த்து எழுதினார். தம் பெயரைக் கையெழுத்திடவும் தடுமாறினார். சொற்கள் நாவுக்கு வர மறுத்தன. நண்பர்கள் அவரைத் தனியே விடவில்லை. வீட்டுக்கு வந்து பேசிக்கொண்டிருந்தார்கள். காட்டு வழியே நடக்க அழைத்துச் சென்றார்கள். கச்சேரிகளுக்குக் கூட்டிப் போனார்கள். 1935இல் ஐடா ரூபின்ஸ்டீனின் பொருளுதவியால் சிற்பி நண்பர் லெயோன் லெரிட்ஸுடன் ஸ்பெயினுக்கும் மொராக்கோவுக்கும் பயணம் சென்றார். மொராக்கோ அவரை மகிழ்வித்தது, நோயை மாற்றவில்லை.

அந்த ஆண்டுகளில் அவரைக் கவனித்துவந்த நரம்பியல் மருத்துவர் தெயோஃபில் அலாழுவானின். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ரவேலைத் தொடர்ந்து ஆராய்ந்த அவர், 1948இல் வெளியிட்ட கட்டுரையில் பேச்சிழப்பு நோய்க்கு ஆளான ஓர் எழுத்தாளர், ஓர் இசையமைப்பாளர், ஓர் ஓவியர் ஆகிய மூவரையும் ஒப்பிட்டார். அவர் மேற்கொண்ட சோதனை மிக எளிமையானது. நோயாளியைப் பியானோவின் அருகில் அமர்த்தி, எது முடிகிறது, எது முடியவில்லை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

முடியாதவற்றின் பட்டியல் நீளமானது. ஒலிக்கும் சுரத்தின் பெயரைச் சொல்ல ரவேலால் பெரும்பாலும் முடியவில்லை. சுரக்குறிப்பைப் பார்த்து வாசிப்பது மிகக் கடினமாக இருந்தது. கேட்டதைக் குறிப்பாக எழுதுவதும் அப்படியே. மொழியின் எழுத்தும் இசையின் எழுத்தும் சேர்ந்தே சிதைந்திருந்தன.

எஞ்சியவற்றின் பட்டியல்தான் வியப்பளிப்பது. தம் படைப்புகளையும் பிறர் படைப்புகளையும் கேட்ட மாத்திரத்தில் அடையாளம் கண்டார். மேலே சொன்ன ‘குப்பரேனின் நினைவிடம்’ இசையில் சுரங்களை விட்டும் தாளத்தை மாற்றியும் வாசித்துக் காட்டியபோது உடனே பிழையைப் பிடித்தார். எது பிழை என்று வாயால் விளக்க முடியாத நிலையிலும், பிழை என்பது அவருக்கு ஐயமறத் தெரிந்தது. குளிர்காலத்து ஈரத்தால் பியானோவின் சுருதி சற்றே பிசகியிருந்ததையும் கண்டுகொண்டார். இசையை நுகரும் உணர்வும், நல்லது எது அல்லாதது எது என்று தரம்பிரிக்கும் தெளிவும் குன்றவில்லை. மற்றொரு செய்தியையும் மருத்துவர் குறித்திருக்கிறார். தம் படைப்புகள் சிலவற்றை ரவேலால் நினைவிலிருந்து சரியாகப் பாட முடிந்தது. ஆனால், முதல் சுரத்தையோ முதற்சில சுரங்களையோ யாராவது எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது.

அடியெடுத்துக் கொடுத்தல் என்பது நம் மரபில் உயர்ந்த சொல். சுந்தரருக்கும் சேக்கிழாருக்கும் இறைவனே அடியெடுத்துக் கொடுத்ததாகச் சொல்லி மகிழ்பவர்கள் நாம். பாட்டு முழுவதும் உள்ளே இருக்கிறது. தொடங்கி வைக்க மட்டும் ஒருவர் தேவைப்படுகிறார். நோயுற்ற ரவேலின் நிலையும் இதுவே.

ஆனால், புதிதாக எதையும் எழுத அவரால் முடியவில்லை. ஜோன் ஆஃப் ஆர்க்கைப் பற்றிய இசை நாடகம் ஒன்று பல ஆண்டுகளாக அவருடைய திட்டத்தில் இருந்தது. அது தலைக்குள் ஒலிக்கிறது, ஆனால் ஒருபோதும் எழுதப்போவதில்லை என்பதை நெருங்கிய தோழி ஒருவரிடம் வருத்தத்தோடு சொல்லியிருக்கிறார். தம்முடைய ‘டாஃப்னிஸும் குளோயேயும்’ இசையைக் கேட்டுவிட்டு அரங்கிலிருந்து வெளியேறிய ஒரு நாளில் அவர் கண்ணீர் விட்டதாகவும் நண்பர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். தமக்கு என்ன நேர்ந்துகொண்டிருக்கிறது என்பதை அவர் முழுமையாக அறிந்திருந்தார். அந்த நோயின் கொடுமை அதுதான். உள்ளே இசை இருக்கிறது, வெளியே வர வழியில்லை. வழியில்லை என்பதும் தெரிகிறது.

1937 டிசம்பர் 17 அன்று பாரிஸில் அறுவை மருத்துவர் குளோவிஸ் வேன்சான் ரவேலின் மண்டையோட்டைத் திறந்து பார்த்தார். கட்டி இருக்கலாம் என்ற எதிர்பார்ப்பில் செய்யப்பட்ட அறுவை அது. கட்டி எதுவும் இல்லை. கண்விழித்த ரவேல் தம்பி எதுவாரைக் கேட்டார், பிறகு நினைவிழந்தார். டிசம்பர் 28 அன்று, 62ஆம் வயதில் உயிர் பிரிந்தது. பெற்றோரின் கல்லறையிலேயே அடக்கம் செய்யப்பட்டார். உடற்கூறு ஆய்வு நடக்கவில்லை. எனவே அவருக்கு வந்த நோய் இன்னது என்று உறுதியாகச் சொல்ல வழியில்லை. மூளையின் மொழிப் பகுதிகள் படிப்படியாகத் தேயும் நோய் வகைகளில் ஒன்றாக அது இருந்திருக்கலாம் என்பது இன்றைய நரம்பியல் அறிஞர்கள் பலரின் கருத்து.

இந்த வாழ்க்கையிலிருந்து இசைச் சிகிச்சையைப் பற்றி நாம் அறிவது என்ன?

இசை மூளையில் ஒரே இடத்தில் குடியிருக்கவில்லை என்பது முதலாவது. கேட்பது, தாளத்தை உணர்வது, மெட்டை நினைவில் வைப்பது, குறிப்பை வாசிப்பது, விரலை இயக்குவது, உருகுவது ஆகிய ஒவ்வொன்றுக்கும் மூளையின் வெவ்வேறு பகுதிகள் கூடி உழைக்கின்றன. ஒன்று பழுதுபட்டாலும் மற்றொன்று பிழைத்திருக்கும். இசைச் சிகிச்சை அந்த இடைவெளியில்தான் இயங்குகிறது. பக்கவாதத்தால் பேச்சிழந்தவர்களில் சிலருக்குச் சொல்ல முடியாத சொல்லைப் பாட முடிகிறது. இதைக் கொண்டு, அன்றாடச் சொற்றொடர்களை மெட்டோடு பாடவைத்து, இடக்கையால் தட்டச் சொல்லி, சிறிது சிறிதாகப் பேச்சுக்குக் கொண்டுவரும் முறையை 1970களில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் உருவாக்கினார்கள். பார்க்கின்சன் நோயில், அடி எடுத்துவைக்கும் நேரத்தை உள்ளிருந்து கணித்துத் தரும் மூளைப் பகுதி தளர்கிறது. வெளியிலிருந்து வரும் சீரான தாளம் அந்த வேலையை ஓரளவு ஏற்றுக்கொள்கிறது. அல்ஸைமர் நோயில், நெடுநாள் பழகிய பாடல்களின் நினைவைத் தாங்கும் பகுதிகள் மற்றப் பகுதிகளைவிடத் தாமதமாகவே பாதிக்கப்படுகின்றன என்று 2015இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது.

இரண்டாவது, எல்லை. இசை மூளை நோயைக் குணப்படுத்துவதில்லை. குணப்படுத்துமாயின் ரவேல் குணமாகியிருக்க வேண்டும். அவரைவிட இசை நிறைந்த மூளை எது? மறதி நோயாளிகளிடம் நடத்தப்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும் அடக்கமாகவே பேசுகிறார்கள். மனச்சோர்வு குறையலாம் என்கிறார்கள். போன நினைவாற்றல் மீளும் என்று சொல்வதில்லை. இசையால் மறதி ஓடிவிடும் என்று விளம்பரம் செய்வோரிடம் நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பொய்யான நம்பிக்கைக்குப் பணம் கொடுக்கும் குடும்பம், பணத்தோடு மனத்தையும் இழக்கிறது.

மூன்றாவது, ஆளுக்கு ஆள் வேறுபாடு. சொல்லைப் பாடவைக்கும் பாஸ்டன் முறை, பேச்சைப் புரிந்துகொண்டும் சொல்ல முடியாமல் திணறுவோருக்கு ஏற்றது. மற்ற வகைப் பேச்சிழப்புக்கு அது அவ்வளவாகப் பயன்படாது. ஒருவருக்கு ஆறுதல் தரும் பாடல் மற்றொருவருக்கு ஆறாத துயரத்தைக் கிளறலாம். தம் இசையைக் கேட்டே ரவேல் அழுதார் என்பதை மறந்துவிடக் கூடாது. ஆகவே கூடத்தில் ஓர் ஒலிபெருக்கியை வைத்து எல்லாருக்கும் ஒரே பாடலை ஓடவிடுவது சிகிச்சையாகாது. அலாழுவானின் செய்ததுபோல, ஒருவர் பக்கத்தில் அமர்ந்து, இவரிடம் எது எஞ்சியிருக்கிறது என்று பொறுமையாகத் தேட வேண்டும்.

பக்கத்தில் அமரும் அந்த ஒருவரிடம்தான் என் துறை வந்து நிற்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் உலகில் மறதி நோயோடு வாழ்ந்தவர்கள் 5.7 கோடிப் பேர். இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 88 லட்சம் பேருக்கு மறதி நோய் இருப்பதாக அண்மைய மதிப்பீடு கூறுகிறது. இந்நோயால் 2019இல் உலகத்துக்கு ஏற்பட்ட செலவு 1.3 லட்சம் கோடி டாலர். அதில் ஏறத்தாழ பாதி, மருத்துவமனைக்கோ மருந்துக்கோ போனது அன்று. குடும்பத்தினரும் நண்பர்களும் ஊதியமின்றிச் செலவிட்ட நேரத்தின் மதிப்பு அது. சராசரியாக நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் அவர்கள் பராமரிப்புக்குக் கொடுக்கிறார்கள். அந்த நேரத்தில் 70 விழுக்காடு பெண்களுடையது.

இந்த நேரம் எந்த நாட்டின் தேசிய வருமானக் கணக்கிலும் சேர்வதில்லை. அதனால் அது இலவசம் என்ற எண்ணம் ஆட்சியாளர்களுக்கும் வந்துவிடுகிறது. பல வேளைகளில் குடும்பத்தினருக்கே வந்துவிடுகிறது. இசைச் சிகிச்சைக்கும் இதே கதிதான். பதிவு செய்த பாட்டு மலிவு. அது எவர் கைப்பேசியிலும் கிடைக்கும். விலை மிகுந்தது மனிதரின் நேரம். அதைத் தவிர்த்துவிட்டுப் பாட்டை மட்டும் கொடுத்தால், சிகிச்சையில் முக்கியமான பாதியைக் கழித்துவிட்டுக் கொடுப்பதாகும்.

அரசுகள் செய்யக் கூடியவை பெரும்பொருள் வேண்டுபவை அல்ல. மறதி நோய்க்கான மருத்துவப் பிரிவுகளில் பயிற்சி பெற்ற இசைச் சிகிச்சையாளர்களுக்கு இடம் வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் அவர்கள் செல்ல முடியாது என்பதால், பராமரிக்கும் குடும்பத்தினருக்குச் சில அமர்வுகளில் அடிப்படைகளைக் கற்றுத்தர வேண்டும். நோயின் தொடக்கத்திலேயே, சொல்ல முடிகிற காலத்திலேயே, நோயாளிக்குப் பிடித்த பாடல்கள் எவை, பிடிக்காதவை எவை என்று கேட்டு எழுதிவைக்கலாம்; இதற்குச் செலவே இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, பராமரிப்பவரின் நேரத்தைக் கணக்கில் கொண்டு, அவர் மூச்சுவிட்டுக்கொள்ள மாற்று ஏற்பாடு செய்ய வேண்டும். களைத்துப்போனவரால் பக்கத்தில் அமர்ந்து பாட இயலாது.

ரவேலுக்குச் சிகிச்சை என்று சொல்லத்தக்கது எதுவும் கிடைக்கவில்லை. அன்றைய மருத்துவத்திடம் அது இல்லை. அவருக்குக் கிடைத்தது நண்பர்களின் நேரம். கச்சேரிக்கு அழைத்துப் போனவர்கள், காட்டில் உடன் நடந்தவர்கள், பொருளுதவி செய்து பயணத்துக்கு அனுப்பியவர், பியானோவின் அருகே அமர்ந்து பிழையோடு வாசித்துக் காட்டிய மருத்துவர் என்று பலர் அவரோடு இருந்தார்கள். அவர்களால் அவரை மீட்க முடியவில்லை. ஆனால், அவருக்குள் இசை இன்னும் இருக்கிறது என்பதை உலகம் அறிந்தது அவர்களால்தான். யாரும் அருகில் அமர்ந்து கேட்டிராவிட்டால், கையெழுத்தும் போடத் தெரியாத ஒரு முதியவர் என்ற அளவில் அந்த இறுதி ஆண்டுகள் முடிந்திருக்கும்.

இன்று எத்தனையோ வீடுகளில் அப்படி ஒருவர் சன்னலோரத்தில் அமர்ந்திருக்கிறார். அவருக்குள் என்ன ஒலிக்கிறது என்பது வெளியே தெரியாது. அவருக்குப் பழகிய ஒரு பாட்டின் முதல் அடியை எடுத்துக் கொடுத்துவிட்டு, அவர் தொடரும்வரை காத்திருக்க ஒருவர் வேண்டும். அந்த ஒருவருக்கு நேரம் கிடைக்கச் செய்வது குடும்பத்தின் கடமை மட்டும் அன்று; அரசின் கடமையும் ஆகும்.